சலங்கை கட்டிவிடும் கை: வாசகர் கேள்வி பதில்

நடனமும் பாட்டும் நாடகமும் கற்கும் பிள்ளைகளை முதியோர் இல்லங்களுக்கும் காப்பகங்களுக்கும் அழைத்துச் சென்று நிகழ்ச்சி நடத்த வைப்பது மதுரையில் இப்போது பரவலாகிவிட்டது. இது பிள்ளைகளுக்கு அன்பைப் பழக்குகிறதா, வெறும் காட்சியாக முடிகிறதா என்று சென்ற இதழில் ஒரு வாசகி எழுப்பிய ஐயத்தைத் தொடர்ந்து பல கடிதங்கள் வந்தன. 34 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் என்பதால் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்கிறாள். வரும் ஏப்ரலில் ஆண்டு விழாவுக்கு முன்பாக ஒரு முதியோர் இல்லத்தில் எல்லாரும் ஆட வேண்டும் என்றும், அங்கே போர்வை வழங்க ஆளுக்கு ரூ.500 தர வேண்டும் என்றும் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஒளிப்படக்காரரும் வருகிறாராம். “அந்தப் பாட்டிகளுக்கு நாம ஏன் போர்வை கொடுக்கிறோம்?” என்று மகள் கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. (எஸ்.எஸ். காலனி வாசகி)

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, 42 பிள்ளைகளை இரண்டு வேன்களில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வெளியே இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு அப்போதுதான் கண் அயர்ந்தவர்களை எழுப்பிக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். பிள்ளையார் பாட்டில் தொடங்கி மங்களம் வரைக்கும் இரண்டரை மணி நேரம் நடத்தினோம். நடுவில் ஒரு மூதாட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலச் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். பணிப்பெண்ணோ, இந்த ஆட்டம் முடியட்டும் என்று கையமர்த்தினார். ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்தேன். திரும்பி வரும்போது வேனில் ஒரு பையன், “சார், அவங்க யாருமே சரியாக் கை தட்டல” என்று குறைப்பட்டுக்கொண்டான். அன்று கொடுத்தவர்கள் நாங்கள் அல்லர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறுமை, தூக்கம், மதிய நேரம் என்று எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் அந்த முதியவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மேடையும் பழக்கப்பட்ட கூட்டமும் இலவசமாகக் கிடைத்தன, அவ்வளவுதான்.

அடுத்த முறை போவதற்கு முன்னால் இல்லத்துப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் பேசினேன். “நாலரை மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் டீ குடித்துவிட்டுத் தெம்பாக இருப்பார்கள். போர்வை எங்களிடம் பீரோ நிறைய அடுக்கிக் கிடக்கிறது. நகவெட்டியும் தேங்காய் எண்ணெயும் கொண்டு வந்தால் உதவியாக இருக்கும்” என்றார். ஒன்பது பிள்ளைகளை மட்டும் அழைத்துச் சென்றேன். ஒப்பனை இல்லை, வாடகை நகை இல்லை, பயிற்சிக்குக் கட்டும் புடவைதான். அரை மணி நேரம் பாட்டும் ஆட்டமும், அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பது என்று திட்டம். பாட்டின் நடுவே, நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “நில்லு பாப்பா, காலம் ஓடுது” என்று, தாளத்தை முந்திப் பாடிக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தினார். இளமையில் ஸ்பெஷல் நாடகம் எனப்படும் மேடை நாடகங்களுக்கு மிருதங்கம் வாசித்தவராம். அவர் கைப்பிடியில் தட்டத் தட்ட, அவள் அதே அடியை மூன்று முறை பாடினாள். மூன்றாவது முறை அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சரியாக வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அவளாகவே புரிந்துகொண்டாள். அடுத்த மாதம் எப்போது போகிறோம் என்று என்னைத் துளைத்தெடுத்தவளும் அவள்தான்.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லலாம்: “நீ கற்றுக்கொண்டதை அவர்களுக்குக் காட்டப் போகிறாய், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு வரப் போகிறாய். போர்வை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களிடமே கேட்போம்.” சித்திரை வெயிலில் மதுரையில் போர்வையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஆசிரியை யோசிக்காமல் இருந்திருக்கலாம்; நீங்கள் மென்மையாக நினைவூட்டினால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆளுக்கு ரூ.500 என்று வரையறுப்பதும் வேண்டாம். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் அந்த மாதக் கட்டணத்துக்கே திண்டாட்டமாக இருக்கும்; அந்தப் பிள்ளை பொய்க் காய்ச்சலில் படுத்துக்கொள்ளும். மூடிய உண்டியல் ஒன்றை வைத்துவிட்டால் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பேச்சே எழாது. நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து அடுக்கிக் கூடத்தைப் பெருக்கிவிட்டு வருவதும் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். நாங்கள் முதல் முறை போனபோது உதிரிப் பூவும் ஜிகினாவும் அப்படியே கிடந்தன. அவற்றைப் பெருக்கியது, மூதாட்டியைக் கையமர்த்திய அதே பணிப்பெண்தான்.

கேள்வி: கிராமப்புறப் பள்ளி ஒன்றில் 26 பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். அன்பு, பகிர்வு என்றெல்லாம் பாடம் நடத்தினால் தலையாட்டிக் கேட்கிறார்கள். ஒத்திகை தொடங்கியதும் ராஜா வேடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். வசனம் மறந்தவனைக் கேலி செய்கிறார்கள். இவர்களை வெளியே சேவைக்கு அழைத்துப் போவதில் பொருள் உண்டா? (மேலூர் வாசகர், ஆசிரியர்)

ஒத்திகையில் அடித்துக்கொள்வது நல்லதுதான் ஐயா. அங்கேதான் அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியும். பரதநாட்டியத்தின் அடிப்படைக் காலசைவான தட்டடவை யாரும் சொற்பொழிவு கேட்டுக் கற்றுக்கொள்வதில்லை. முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகத்தைக் கூட்டிக் கூட்டி, கால் நோக நோகத் தட்டித்தான் கற்கிறார்கள். பிறரிடம் பரிவாக நடந்துகொள்வதும் அப்படிப் பழகிப் பழகி உடம்பில் ஏற வேண்டியதுதான் என்பது என் எண்ணம். வகுப்பறைக்குள் பழகாததை முதியோர் இல்லத்தின் வாசலில் போய் இறங்கிய உடனே யாராலும் காட்ட முடியாது.

ஒரு நடன வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த சிறு பிள்ளைகளுக்கு மூத்த பிள்ளைகள்தான் சலங்கை கட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. 13 வயதுப் பெண் ஒருத்தி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஏழு வயதுப் பிள்ளையின் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். கணுக்காலுக்குச் சற்று மேலே தோல்பட்டையைச் சுற்றி, வாரை இழுத்துக் கட்டுவதற்கு முன்னால், “இறுக்குதா?” என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். இறுக்கினால் ஆட்டம் முடிவதற்குள் தோல் தடித்துச் சிவந்துவிடும், தளர்ந்தால் பாதி ஆட்டத்தில் கழன்று விழும். சின்னவள் இல்லை என்று தலையை ஆட்டினாலும் மூத்தவள் நம்பவில்லை. வாருக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு ஒரு துளை தளர்த்தினாள். அந்த ஆசிரியை வகுப்பில் அன்பு என்ற சொல்லை ஒரு முறையாவது சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நாடகத்தில் இதற்கு ஈடான வேலை, திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது. பிராம்ப்டர் வேலையை வேடம் கிடைக்காதவனுக்குத் தள்ளிவிடுவதுதான் பொதுவழக்கம். நீங்கள் அதைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். ராஜா வேடத்துக்கு அடித்துக்கொள்பவனையே ஒரு வாரம் பிராம்ப்டராக நிறுத்துங்கள். எல்லாருடைய வசனமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். முன்வரிசைக்குக் கேட்காமல், மேடையில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக்கொடுக்க வேண்டும். அடுத்தவனுடைய மறதியைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவன் கேலி செய்வதைக் குறைத்துக்கொள்வான். அடியோடு நிறுத்திவிடுவான் என்று நான் உறுதி கூற மாட்டேன், பிள்ளைகள் பிள்ளைகள்தான். ஒவ்வொரு வேடத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்து மாற்றி மாற்றி நடிக்க விடுவதும் சண்டையைத் தணிக்கும்.

நம் வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக ஒப்பந்தமான நடிகர்கள் சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். ஒருவர் தர்க்கத்தில் சிக்கிக்கொண்டால், எதிரில் நிற்பவர் இன்னொரு கேள்வியைத் தூக்கிப் போட்டு மீட்டெடுப்பார். பார்ப்பவர்களுக்கு அது போட்டியாகத் தெரியும். உள்ளே நடப்பது ஒத்தாசை. இந்த மரபுக்கு இலக்கணம் வகுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் சிறுவர்களைக் கொண்டே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியது மதுரையில்தான். பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட அத்தகைய சபைகளில் பிள்ளைகள் ஒன்றாக உண்டு உறங்கி, பெரியவனைப் பார்த்துச் சின்னவன் கற்று வளர்ந்தார்கள். பழம்பெருமை பேசும்போது அங்கே அடியும் கெடுபிடியும் இருந்ததை மறைத்துவிடக் கூடாது. ஒருவரையொருவர் தாங்கி நடிக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிரம்பை விட்டுவிடுவோம்.

நாடகப் பயிற்சி பிள்ளைகளின் பழகும் முறையைத் திருத்துகிறது என்பதற்கு ஆய்வும் உண்டு. கனடாவின் டொரன்டோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு இசை, சிலருக்கு நாடகம் என்று ஓராண்டு பயிற்றுவித்து, முடிவுகளை 2004-இல் வெளியிட்டார்கள். இசை கற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சற்றே கூடுதலாக உயர்ந்தது. பிறரோடு இணங்கிப் பழகும் தன்மையில் முன்னேறியவர்களோ நாடகம் கற்றவர்கள். ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிட முடியாது என்றாலும், உங்கள் 26 பேரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள இது போதுமான காரணம். வெளியே அழைத்துப் போவதை ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: வகுப்பில் ‘அன்பு அட்டை’ ஒன்றை அறிமுகப்படுத்தியிருக்கிறேன். ஒரு நல்ல செயலுக்கு ஒரு நட்சத்திரம். 20 நட்சத்திரம் சேர்ந்தால் ஆண்டு விழாவில் முதல் வரிசையில் ஆடலாம். பெற்றோர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தங்கள் கருத்து? (நரிமேடு வாசகி, நடன ஆசிரியை)

பெற்றோர்களுக்குப் பிடித்திருக்கும், ஐயமில்லை. நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் கதவைத் திறந்துவிட ஓடிவரும் பிள்ளைகள் இப்போது கூடியிருப்பார்களே, கவனித்தீர்களா? 2008-இல் ஜெர்மனியில் 20 மாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள் பின்னர் பரிசு இல்லாதபோது முன்னைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாய்ச்சொல்லால் பாராட்டப்பட்டவர்களும் எதுவும் பெறாதவர்களும் தொடர்ந்து உதவிக்கொண்டிருந்தார்கள். தானாக ஊறுவதற்குக் கூலி கொடுக்கத் தொடங்கினால், கூலி நின்ற அன்று ஊற்றும் நின்றுவிடுகிறது.

முதல் வரிசை என்பது ஆட்டத்தின் கணக்குப்படி, உயரத்தையும் அடவுச் சுத்தத்தையும் பார்த்துத் தர வேண்டிய இடம். அதை நட்சத்திரத்துக்கு விற்றால் ஆட்டமும் கெடும், அன்பும் கெடும். நல்லது செய்த பிள்ளையை அழைத்து, “அவ தண்ணி பாட்டில் கொண்டு வரலைன்னு நீயாக் கவனிச்சுக் கொடுத்தியே, பார்த்தேன்” என்று ஒரு வரி சொன்னால் போதும். அதையும் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் செய்முறை (மொய்) நோட்டு இல்லாத வீடு கிடையாது. வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவனுக்கு ஊரில் மதிப்பில்லை. எதிர்பார்ப்பே இல்லாமல் கொடு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது உலகம் தெரியாதவர்களாக ஆக்குவது ஆகாதா? (உசிலம்பட்டி வாசகர், ஒயிலாட்டம் கற்கும் பேரனின் தாத்தா)

ஐயா, செய்முறையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. என் தகப்பனார் எழுதிய மொய் நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் உள்ள சில பெயர்களுக்கு நான் இன்னும் கடன்பட்டவன். வாங்கியதை மறக்காமல் இருப்பது பெரிய பண்பு. அதே மண்ணில்தான் சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு நீர்மோரும் பானகமும் வழங்குகிறோம். யார் குடித்தார், எத்தனை குவளை குடித்தார் என்று எந்தப் பந்தலிலும் நோட்டு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டும் நம்முடையவைதாம், பேரனுக்கு இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் கேள்வியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒயிலாட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் பேரனால் எதைத் திருப்பிச் செய்ய முடியும்? கட்டணம் செலுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று வாத்தியாரே ஒப்புக்கொள்ள மாட்டார். தனக்குப் பின்னால் வந்து சேரும் பையனுக்குத் துண்டு பிடிக்கவும் காலடி எடுத்து வைக்கவும் அவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால், அதுதான் அந்தச் செய்முறை. வாங்கியது ஓரிடம், திருப்புவது வேறிடம். நோட்டில் எழுத முடியாது என்பதைத் தவிர வேறுபாடு ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மகனின் இசைக் குழு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பாடியது. அங்குள்ள பிள்ளைகள் கேக் வாங்கிச் சாப்பிடும் காணொளியைக் குழுவினர் ரீல்ஸாகப் போட்டிருக்கிறார்கள். முகம் தெளிவாகத் தெரிகிறது. இது சரியா? (திருநகர் வாசகர்)

சரியில்லை. உடனே நீக்கச் சொல்லுங்கள். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டக்கூடியவற்றை விசாரணை, வழக்கு ஆகியவை குறித்த செய்திகளில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உங்கள் மகனின் குழு போட்டது செய்தி அல்ல, ரீல்ஸ்தான் என்று வாதிட இடம் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகம் ஊருக்குத் தெரியக் கூடாது என்று சட்டம் ஏன் நினைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர் அந்த வாதத்தை எடுக்க மாட்டார். காப்பகத்தில் இருப்பதைப் பள்ளித் தோழர்களிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த ரகசியத்தைக் கேக் துண்டோடு சேர்த்து நாம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நம் பிள்ளைகளை மட்டும் படம் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம்; நிகழ்ச்சிக்கு முன்பு, வாசலில், ஒரே ஒரு படம். உள்ளே போகும்போது ஆசிரியர் உட்பட அனைவருடைய கைப்பேசிகளும் ஒரு துணிப்பைக்குள் போகட்டும்.

கேள்வி: எங்கள் வாய்ப்பாட்டு மாணவர்களைக் கொண்டு நிதி திரட்டும் கச்சேரி நடத்தி, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஏழைகளுக்கு உதவ விரும்புகிறோம். பிள்ளைகளையே டிக்கெட் விற்க வைக்கலாமா? (பழங்காநத்தம் வாசகி, இசை ஆசிரியை)

பாட்டுப் பாடி நிதி திரட்டுவதற்கு மதுரையில் பிறந்தவர்களுக்கு வேறெங்கும் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், அனுமந்தராயன் கோயில் தெருவில், வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். அதற்குப் பிறகும் பள்ளி, மருத்துவமனை, கோயில் என்று கணக்கற்ற காரியங்களுக்காகப் பாடினார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது, அது பொதுச்சேவைக்கான பிரிவில் கிடைத்தது. ஒரு பாடகிக்கு அந்தப் பிரிவில் விருது என்பதைப் பிள்ளைகளிடம் நிறுத்திச் சொல்லுங்கள்.

டிக்கெட் விற்பது பெரியவர்களின் வேலை. பிள்ளைகளிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்தால், பணக்கார மாமா உள்ள பிள்ளை 50 விற்கும், இல்லாத பிள்ளை தன் வீட்டிலேயே இரண்டை வாங்க வைக்கும். பிள்ளைகளுக்குத் தர வேண்டியது கணக்கு. மண்டப வாடகை, மைக் செட், பக்கவாத்தியக்காரர்களுக்கான சன்மானம், சுண்டல் செலவு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, மிச்சம் எவ்வளவு என்று அவர்களையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சத்தைவிட மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசுக்கான செலவு கூடுதலாக இருந்தால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள். உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொகையை மருத்துவமனை நிர்வாகத்திடம் நேரில் விசாரித்து, அவர்கள் சொல்லும் தேவைக்கு, ரசீது பெற்றுக்கொண்டு செலுத்துங்கள். அந்த ரசீதின் நகல் பாட்டு வகுப்பின் சுவரில் ஓராண்டு ஒட்டியிருக்கட்டும்.

டிக்கெட் விற்காவிட்டாலும் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதே அவர்களுக்குள் ஏதோ செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2010-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பாடி ஆடி விளையாடினார்கள். மற்றவர்கள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடினார்கள். பிறகு கூட்டாளியின் கோலிக்குண்டுகள் கொட்டிப் போனபோது, சேர்ந்து பாடியவர்கள்தாம் கூடுதலாக ஓடிப்போய் உதவினார்கள். ஆகவே தனிப்பாட்டைக் குறைத்துக் கோஷ்டிப் பாட்டைக் கூட்டுங்கள். உங்கள் சிறந்த மாணவியின் பெற்றோர் வருத்தப்படுவார்கள். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: எனக்கு 13 வயது. டான்ஸ் கிளாஸில் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்ப் பாடுவோம். போன தடவை ஒரு தாத்தாவுக்கு மூக்கில் குழாய் இருந்தது. எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. இனிமேல் போக மாட்டேன் என்று சொன்னதற்கு, உனக்கு இரக்கமே இல்லை என்கிறார்கள். நான் கெட்ட பெண்ணா? (சோழவந்தான் வாசகி)

இல்லை பாப்பா. இரக்கம் இல்லாத பிள்ளைக்கு அந்தக் குழாயைப் பார்த்து அழுகை வந்திருக்காது. அந்தக் குழாய் என்ன என்று உனக்கு யாரும் முன்னமே சொல்லாததுதான் தவறு. அது பெரியவர்களின் தவறு. வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குக் கஞ்சியும் பாலும் போவதற்காக மூக்கு வழியாக அப்படி ஒரு குழாயைப் போடுவார்கள். மூச்சுக்காகப் பிராணவாயு கொடுக்கும் மெல்லிய குழாயும் உண்டு. அந்தத் தாத்தாவுக்கு இருந்தது இரண்டில் ஒன்றாக இருக்கும். அங்கே இருக்கும் நர்ஸ் அக்காவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

உன் ஆசிரியைக்கும் ஒரு வரி: வார்டுக்குள் போவதற்கு முன்னால், யார் இருப்பார்கள், என்னென்ன கருவிகள் இருக்கும் என்று பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். பயந்த பிள்ளை வெளியே வந்து உட்கார ஒரு நாற்காலியும், கூட ஒரு பெரியவரும் இருக்கட்டும். வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

அடுத்த மாதம் நீ போக வேண்டாம். மற்றவர்கள் கிளம்பும்போது, ஆடி முடித்து வியர்வையில் நனைந்த சலங்கைகளை உலர்ந்த துணியால் துடைத்து அதனதன் பையில் போட்டு வை. ஈரத்தோடு கிடந்தால் தோல் விறைத்துச் சின்னப் பிள்ளைகளின் காலை அறுக்கும். அதற்கடுத்த மாதம் போக வேண்டும் என்று தோன்றினால் போ, தோன்றாவிட்டால் துணியை எடுத்துக்கொள். இந்தப் பக்கத்தை அம்மாவிடமும் காட்டு.